நான் பார்க்காத கோல்

என் மகள் இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுகிறாள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்; நேரில் என்றால் இன்னும் சீக்கிரம் சொல்லியிருப்பேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் தெருவுக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், சாமான் வண்டியிலிருந்து சோபா இறங்குவதற்குள் அவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். என் மனைவி இதை ஒரு வியாதி என்கிறாள். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள், வியாதிகளைப் பற்றித் தெரிந்துதான் பேசுவாள்.

இத்தனைக்கும் எனக்குக் கால்பந்து தெரியாது. ஈரோட்டில் நாங்கள் ஆடியது கிரிக்கெட். அதிலும் என்னை அம்பயராக நிற்கவைப்பார்கள். மகளை ஆறு வயதில் டவுன்ஷிப் சாக்கர் டீமில் சேர்த்ததுகூட, சனிக்கிழமை காலையில் அவள் வீட்டில் சோபா மேல் குதிக்காமல் இருக்கட்டும் என்றுதான். அப்புறம் அவள் நன்றாக ஆடுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். அதன்பின் பல வருடங்கள் என் வார இறுதிகள் நியூ ஜெர்சியின் ஏதாவதொரு மைதானத்தின் ஓரத்தில், மடக்கு நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு கழிந்தன. மருந்துக் கம்பெனி ஒன்றின் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைவிட சர்வர் எழுந்துவிட்டதா என்பதுதான் அப்போது எனக்கு முக்கியமாக இருந்தது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று அவள் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியையும் இட்லிப்பொடி டப்பாவையும் நகர்த்தி நகர்த்திச் சொல்லிக்கொடுத்தாள். நான் அதைப் புரிந்துகொண்டபோது அவள் ஹைஸ்கூலுக்குப் போய்விட்டாள்.

அவள் ஆடும் இடத்துக்கு லெஃப்ட் பேக் என்று பெயர். தடுப்பாட்ட வரிசையில் இடது ஓரம். டெக்சாஸில் ஒரு கல்லூரி அதற்காகவே ஸ்காலர்ஷிப் கொடுத்து எடுத்துக்கொண்டது. நான்கு வருடம் ஆடட்டும், பிறகு பார்மசி படிக்கட்டும் என்பது என் திட்டம். திட்டத்தை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வருடம் ஒரு மாலை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்கு ஆஃபர் வந்திருக்கு" என்றாள் மகள்.

"எந்தக் கம்பெனி?" என்றேன்.

"கம்பெனி இல்லப்பா. கிளப். இங்கிலாண்ட்ல."

இரண்டு வருட ஒப்பந்தம், பெண்கள் லீகில் இரண்டாம் நிலையில் இருக்கும் கிளப், தங்க இடம் கொடுக்கிறார்கள் என்றெல்லாம் விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஹெல்த் இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டேன். கிளப்பில் டாக்டரும் பிசியோவும் இருக்கிறார்கள் என்றாள். பல் வைத்தியத்துக்கு டென்டல் உண்டா என்றேன். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அங்கே ரொம்பக் குளிருமா என்று மட்டும் கேட்டாள். குளிரும் என்றாள் மகள். அதோடு அவள் போவது முடிவாகிவிட்டது. பார்மசியைப் பற்றி வாயைத் திறக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை.

விசா சில வாரங்களில் வந்தது. நான் ஜெர்சி சிட்டியில் கான்ட்ராக்டராக இருந்துகொண்டு கிரீன் கார்டுக்காகக் காத்திருந்த காலத்தில் இவள் பிறந்து, நடந்து, பல் விழுந்து முளைத்து, பள்ளிக்கூடமும் போய்விட்டாள். பந்து உதைக்கத் தெரிந்தால் நாடுகள் இவ்வளவு சீக்கிரம் கதவைத் திறக்கும் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

அவள் சேர்ந்த பிறகு முதல் மேட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே மதியம் என்றால் எங்களுக்குக் காலை. கிளப்பே தன் இணையதளத்தில் நேரலையாகக் காட்டும் என்று தெரிந்ததும் நான் தமிழ் நண்பர்கள் எல்லோரையும் குடும்பத்தோடு டிபனுக்கு அழைத்துவிட்டேன். மனைவி மட்டும், அவள் ஆடுவாள் என்று உறுதியாகச் சொன்னாளா என்று கேட்டாள். ஆடாமல் எதற்கு அவ்வளவு தூரம் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

வீடு நிறைய ஆட்கள். இட்லி, வடை, பெரிய பாத்திரத்தில் சாம்பார். டிவியில் மைதானம் தெரிந்தது. ஒற்றைக் கேமரா, அதைப் பிடித்திருந்தவருக்குக் குளிரெடுத்திருக்க வேண்டும், படம் நடுங்கியது. ஆட்டக்காரிகளின் பெயர்களை வாசித்தார்கள். முதல் பதினொன்றில் அவள் பெயர் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களில் இருந்தது. இது சகஜம், புதிதாக வந்தவர்களை இரண்டாம் பாதியில்தான் இறக்குவார்கள் என்று நான் எல்லோருக்கும் விளக்கினேன். அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் பாதியில் அவள் கோட்டுக்கு வெளியே மேலும் கீழும் ஓடுவதைக் கேமரா கொஞ்ச நேரம் காட்டியது. வீட்டில் கைதட்டினார்கள். ஒரு அம்மா, ஏன் இந்தப் பெண் மட்டும் வெளியே ஓடுகிறாள் என்று கேட்டார். வார்ம் அப் என்றேன். ஆட்டம் முடியும்வரை அவள் வார்ம் அப்பிலேயே இருந்தாள். கடைசியில் விசில் ஊதியதும், ஆடி முடித்தவர்களுக்கு அவள் கோட் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தோம். எல்லோரும் எழுந்து கை கழுவப் போனார்கள்.

அடுத்த தெருவில் இருக்கும் நண்பர், சென்னைக்காரர், கிரிக்கெட் தவிர எதையும் விளையாட்டாக மதிக்காதவர், போகும்போது என் தோளைத் தட்டினார். "விடுங்க பாஸ். நம்ம எல்லாரும் பெஞ்ச்ல இருந்து வந்தவங்கதான்" என்றார்.

அது உண்மைதான். நானும் பிராஜெக்ட் கிடைக்காமல் மாதக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்தவன். ஆனால் அதைப் பார்க்க யாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டு கூடியதில்லை.

அந்த இலையுதிர் காலம் முழுக்க அவள் பெஞ்சில்தான் இருந்தாள். நானும் மனைவியும் ஞாயிறு காலைகளில் தனியாகப் பார்த்தோம். வேறு யாரையும் அழைக்கவில்லை. கேமரா பெஞ்சைக் கடக்கும்போது மனைவி, "மெலிஞ்சுட்டா" என்பாள். புசுபுசு கோட்டுக்குள் முகம் மட்டும்தான் தெரியும். அதை வைத்தே கண்டுபிடிப்பாள்.

ஜனவரியில் மகள் போன் செய்து, லோனில் போகிறேன் என்றாள். எங்கள் வீட்டில் லோன் என்றால் வீட்டுக்கோ காருக்கோ வாங்குவது. எதற்கு, இருக்கிறதைக் கொண்டு சமாளிக்க முடியாதா என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். அவளையேதான் கடன் கொடுக்கிறார்களாம். வடக்கே ஒரு சிறிய ஊரில், ஒரு படி கீழே இருக்கும் கிளப்புக்கு, சீசன் முடியும்வரை. அங்கே போனால் ஆட வாய்ப்புக் கிடைக்கும். நண்பர்களிடம் நான் இதை டெபுடேஷன் என்று மாற்றிச் சொன்னேன். கிளையன்ட் இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்றதும் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

மார்ச் மாதம் நான் மட்டும் கிளம்பிப் போனேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. பருப்புப்பொடியும் முறுக்கும் கட்டிக் கொடுத்தாள். விமானத்தில் தூங்காமல் ஒரு பேச்சைத் தயாரித்தேன். ஒரு படி மேலே போவாள் என்று பார்த்தால் ஒரு படி கீழே போயிருக்கிறாள். இதுதான் சரியான சமயம், பார்மசி கல்லூரிகளுக்கு இன்னும் விண்ணப்பிக்கலாம் என்பது அதன் சாரம். உதாரணங்களோடு நன்றாக வந்திருந்தது. மான்செஸ்டரில் இறங்கி, ரயில் மாறி, பேருந்து ஏறி மேட்ச் ஆரம்பிக்கும் நேரத்துக்கு மைதானத்தை அடைந்தேன்.

மைதானம் என்று சொன்னேன். ஒரு பக்கம் கூரை போட்ட சில பெஞ்சுகள். மற்ற மூன்று பக்கமும் இடுப்பளவு கம்பி. எதிர்ப்பக்கம் உயரமான செடிவேலி, அதற்குப் பின்னால் வீடுகளின் கொல்லைத் தோட்டங்கள். நியூ ஜெர்சியில் பள்ளிக்கூட மைதானங்கள் இதைவிடப் பெரிதாக இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. செடிவேலிப் பக்கம் கம்பியோரத்தில், ஒரு பெரியவர் நாயோடும் பிளாஸ்கோடும் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன். மகள் என்னைப் பார்த்துக் கையைக் கொஞ்சமாக உயர்த்தினாள். முதல் பதினொன்றில் இருந்தாள். நான் ஆபீசுக்குப் போடும் ஷூவில் வந்திருந்தேன். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

அவள் ஆடினாள். டிவியில் தெரியாத விஷயங்கள் இங்கே காதில் கேட்டன. மூச்சு, மோதல், பந்து தொடையில் படும் சத்தம். அவள் யாரையோ பார்த்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தாள், முன்னால் போ, பின்னால் பார், நேரம் இருக்கிறது என்று. வீட்டில் தண்ணீர் வேண்டும் என்றால்கூட மெதுவாகக் கேட்கும் பெண். பெரியவர் ஒருமுறை, இந்த லெஃப்ட் பேக் வந்த பிறகுதான் அந்தப் பக்கம் கோல் வாங்குவது நின்றிருக்கிறது என்று தன் நாயிடம் சொன்னார். அவள் என் மகள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பந்து எங்கள் தலைக்கு மேல் பறந்து, செடிவேலியைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குள் விழுந்தது.

பெரியவர் என்னைப் பார்த்தார். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் போய் எடுத்து வருவதுதான் இங்கே வழக்கம் என்றார். தனக்கு முழங்கால் சரியில்லை என்றும் சொன்னார். நாய்க்கு என்ன என்று கேட்கவில்லை. எனக்கு அது ஒரு கௌரவமாகத்தான் பட்டது. கிளப்புக்காக ஏதோ செய்கிறோம் என்று வேலிக்கதவைத் திறந்து சுற்றிக்கொண்டு போனேன்.

தோட்டத்தில் ஒரு வயதான அம்மா சமையலறைக் கதவைத் திறந்து, பந்துதானே என்றார். இரண்டு பேரும் தேடினோம். முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவில் இல்லை. பிளாஸ்டிக் கொட்டகைக்குப் பின்னால் இல்லை. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கக் கூடாது. நியூ ஜெர்சியில் ஆரம்பித்தேன். மகள் இங்கே ஆடுகிறாள் என்றேன். டவுன்ஷிப் டீம், ஹைஸ்கூல், டெக்சாஸ் ஸ்காலர்ஷிப் என்று வந்துகொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. நாய் குரைத்தது.

யாரோ கோல் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, உங்கள் பெண்ணாக இருக்குமோ என்றார் அந்த அம்மா.

நான் சிரித்தேன். என் மகள் டிஃபெண்டர், டிஃபெண்டர்கள் கோல் போடுவதில்லை, அது அவர்கள் வேலை இல்லை என்று நிதானமாக விளக்கினேன். ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர்களிடம் எனக்குப் பொறுமை அதிகம்.

கடைசியில் பந்து தண்ணீர்த் தொட்டிக்குள் மிதந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். ஆட்டம் வேறு பந்தில் நடந்துகொண்டிருந்தது. என் கையில் இருந்த பந்தை யாரும் கேட்கவில்லை. பெரியவர் முகம் சிவந்து, பிரமாதமான கோலைத் தவறவிட்டுவிட்டீர்களே என்றார். யார் போட்டது என்றேன். அந்த லெஃப்ட் பேக் பெண்தான் என்றார்.

நான் அந்தப் பந்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கடல் தாண்டி வந்து, சரியாக அந்த நேரத்துக்கு முட்டைக்கோஸ் பாத்தியில் போய் நின்றிருக்கிறேன். அவள் என் மகள் என்று இப்போது அந்தப் பெரியவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வாழ்நாளில் நான் அதைச் சொல்லாமல் விட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவள் நேராக என்னிடம் ஓடிவந்தாள். முழங்கால் முழுக்கச் சேறு. சம்பளத்துக்கு ஆட ஆரம்பித்த பிறகு அவள் போட்ட முதல் கோல் அது.

"பாத்தியாப்பா?" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? "பாத்தேன் கண்ணு. லெஃப்ட் கால்ல என்ன அடி" என்றேன்.

"அப்பா. அது ஹெட்டர்."

தலையால் முட்டியிருக்கிறாள். கையில் இன்னும் பந்து இருந்தது.

"நீ எங்க இருந்த?"

"இதை எடுக்கப் போயிருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். சக ஆட்டக்காரி ஒருத்தி என்னவென்று கேட்க, மகள் ஆங்கிலத்தில் சொல்ல, அந்தப் பெண் இன்னொருத்தியிடம் சொல்ல, நான் மைதானத்தை விட்டு வெளியே வருவதற்குள் கோச் வந்து என் கையைக் குலுக்கி, பந்து கிடைத்ததா என்று விசாரித்தார்.

அன்று சாயங்காலம் ஒரு மீன் கடையில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டோம். யாரோ போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினாள். வலது மூலையிலிருந்து பந்து வளைந்து வருகிறது. தன்னைவிட உயரமான பெண்களுக்கு நடுவில் அவள் எழும்புகிறாள். அவ்வளவு உயரம் அவள் எழும்புவாள் என்று எனக்குத் தெரியாது. படத்தின் ஓரத்தில் கம்பி தெரிந்தது, அந்தப் பெரியவர் தெரிந்தார், நாய் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் காலியாக இருந்தது.

என் சிப்ஸையும் அவளே சாப்பிட்டாள். காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாளாம், மாலையில் தன் பயிற்சியாம். வீட்டில் ஹீட்டர் சரியில்லை. பழைய கிளப் திரும்ப அழைக்குமா என்று தெரியவில்லை. நவம்பரில் ஒரு நாள் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுப் பிறகு பிரித்தேன் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த மாதம் நாங்கள் அவளிடம் வாரம் தவறாமல் பேசியிருக்கிறோம். எங்களிடம் சாப்பிட்டேன், தூங்கினேன் என்றுதான் சொன்னாள்.

"இன்னும் ஒரு வருஷம் கான்ட்ராக்ட் இருக்குப்பா. அது முடியிற வரைக்கும் ட்ரை பண்றேன்" என்றாள்.

விமானத்தில் தயாரித்த பேச்சு சட்டைப்பையில் இருப்பது போல என் நெஞ்சில் இருந்தது. ஆனால் கோலைப் பார்க்காமல் தோட்டத்தில் நின்றுவிட்டு, லெஃப்ட் கால் என்று புளுகியவன் எந்த முகத்தோடு புத்தி சொல்வது? சரி கண்ணு என்றேன். முறுக்கு டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன். நான் அவளுக்குச் செய்த உதவிகளிலேயே பெரியது அந்தப் பேச்சைப் பேசாமல் விட்டதுதான் என்று மனைவி இப்போதும் சொல்கிறாள்.

அடுத்த சீசனில் கிளப் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முதல் சில வாரங்கள் மறுபடியும் பெஞ்ச். அப்புறம் வழக்கமான லெஃப்ட் பேக்குக்குக் கணுக்கால் பிசகியது. ஒரு ஞாயிறு காலை, மனைவி தோசை சுட நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முதல் பதினொன்றில் அவள் பெயரை வாசித்தார்கள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்றேன். ஆட்டம் முடியும்வரை உட்காரவில்லை. அவள் கோல் எதுவும் போடவில்லை, பெரிதாக எதுவும் தவறவும் விடவில்லை. கடைசிக் கொஞ்ச நேரத்தில் மாற்றினார்கள். பெஞ்சுக்குப் போகும்போது கோச் அவள் தலையைத் தட்டினார்.

மறுநாள் ரசிகர்களின் இணையப் பக்கம் ஒன்றில் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்கள். அவளுக்குப் பத்துக்கு ஆறு. எங்கள் குடும்பத்தில் யாரும் ஆறு வாங்கியதில்லை. ஆபீஸ் மதிய இடைவேளையில் ஒரு புனைபெயரில் கணக்கு ஆரம்பித்து, அந்த லெஃப்ட் பேக் எத்தனை தாக்குதல்களைத் தடுத்தார் என்று பத்தி பிரித்து எழுதிப் போட்டேன். இங்கிலாந்து ரசிகர் ஒருவர் எழுதியது போலவே இருந்தது என்பது என் எண்ணம். அன்றே மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, அது நீதானே?"

எது என்றேன்.

"இங்க யாரும் 'கைண்ட்லி நோட்'னு எழுத மாட்டாங்கப்பா. டீம்ல எல்லாரும் படிச்சிட்டாங்க. ப்ளீஸ், இனிமே வேண்டாம்."

கணக்கை மூடிவிட்டேன். மூடுவதற்கு முன் பார்த்தேன். நான் எழுதியதற்கு யாரோ ஒருவர் ஒப்புதல் தெரிவித்திருந்தார். அது என் சென்னை நண்பர் என்று பிறகு தெரிந்தது.

கணுக்கால் பிசகிய பெண் குணமாகி வந்த பிறகும் கோச் என் மகளையே பல ஆட்டங்களில் இறக்கினார். சில வாரம் ஆடினாள், சில வாரம் உட்கார்ந்தாள். வசந்தத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டினார்கள். அதைச் சொல்ல அவள் போன் செய்தபோது நான் டென்டலைப் பற்றிக் கேட்கவில்லை. மனைவி அழுதாள். நானும்தான், ஆனால் நான் காருக்கு ஆயில் மாற்றவேண்டும் என்று கராஜுக்குப் போய் அழுதேன்.

போன கோடையில் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு மாலை பார்க்கில் பயிற்சிக்குப் போகிறேன் என்றாள். நானும் வந்து கோல்கீப்பராக நிற்கிறேன் என்றேன். வேண்டாம் என்று மனைவியும் மகளும் சொன்னார்கள். போனேன். அவள் மெதுவாகத்தான் அடித்தாள். முதல் பந்து என் பக்கமாகவே வந்தது, பிடித்தேன். அந்தத் தைரியத்தில் அடுத்த பந்துக்குப் பாய்ந்தேன். பின்னங்காலில் யாரோ கல்லால் அடித்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. கெண்டைக்கால் தசை கிழிந்திருந்தது. மகள் என்னை முதுகில் தாங்கிக் கார்வரை கொண்டுபோனாள். நல்ல பலம். வீட்டில் ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, எப்போது காலை ஊன்றலாம் என்று கறாராகச் சொன்னாள்.

ஊன்றுகோலோடு பிசியோதெரபிக்குப் போனேன். எப்படி ஆயிற்று என்று அங்கே கேட்டார்கள். கால்பந்து ஆடும்போது என்றேன். எந்த அளவில் ஆடுகிறீர்கள் என்று கேட்டார் அந்த இளைஞர். எதிரே ஆடியவர் தொழில்முறை ஆட்டக்காரர் என்று மட்டும் சொன்னேன். அவர் மரியாதையோடு என் காலைத் தூக்கிப் பார்த்தார். மற்ற விவரங்களை என் மனைவி, கேட்காமலேயே அவருக்குக் கொடுத்தாள்.

புது சீசனின் முதல் ஆட்டத்தை, காலை நாற்காலி மேல் நீட்டிவைத்துக்கொண்டு பார்த்தேன். மகள் முழு ஆட்டமும் ஆடினாள். ஒரு கோல் வாங்கினார்கள், அது அவள் பக்கம் இல்லை. ஒரு கோல் போட்டார்கள், அதுவும் அவள் இல்லை. ஒன்றுக்கு ஒன்று, டிரா. விசில் ஊதியதும் அவள் குனிந்து சாக்ஸைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்த பெண்ணிடம் ஏதோ சொல்லி, கையை வீசிக்கொண்டு வெளியே நடந்தாள். மனைவி, கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள் என்று திருப்தியாகச் சொன்னாள்.